குப்பத்துப் பள்ளியின் பிற்பகல்

எங்கள் கல்லூரியில் மனோதத்துவ சாஸ்திரத்துக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில், முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரு மேஜை, ஓர் அலமாரி, அலமாரிக்குள் வெல்வெட் பெட்டியில் ஒரு ஸ்டாப்வாட்ச். அதைத் தொடலாம் என்று உரிமை பெற்றிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் லெக்சரர். இன்னொருவன் நான்.

ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அவருக்கு உதவியாளனாக இருந்த காலம் அது. முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா லஸ் முனையில் ஜட்கா வண்டி ஓட்டினார். அடையாற்றின் கரையில் எங்கள் குடிசை. படிப்பு வீட்டுக்குப் புதிது என்பதால் அதன் மேல் எனக்கு இருந்த மரியாதையும் புதிதாகவே இருந்தது. அச்சில் வந்த ஒன்று தப்பாக இருக்கக்கூடும் என்று அந்த வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

லெக்சரர் வைத்திருந்த சீமைப் புத்தகம் ஒன்றில் ஒரு படம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கவனம் ஒரு நாளில் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோடு. காலையில் உயரத்தில் இருக்கும். நண்பகலுக்கு மேல் சரியும். மாலையில் தரையைத் தொடாத குறை. காலையில் மனம் தெளிவு, பிற்பகலில் சோர்வு என்பதுதான் அதன் சாரம். அந்தக் கோட்டை நான் ஒரு பெரிய காகிதத்தில் வரைந்து அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒட்டும்போது உள்ளுக்குள் ஒரு வெட்கம். ஏனென்றால் நான் பள்ளியில் படித்தபோது காலை வகுப்புகளில்தான் மந்தம். கணக்கு வாத்தியார் கேட்பதற்கு வாய் வராது. மத்தியானம் அதே கணக்கு தானாக வரும். என் மூளையின் அமைப்பிலேயே ஏதோ கோளாறு, மற்றவர்களுக்கு இருப்பதுபோல் எனக்கு இல்லை என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அந்தக் கோடு நம் ஊரிலும் வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் சோதனை. முறை மிக எளிது. தமிழ் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அச்சடித்த ஒரு தாளைப் பிள்ளைகளிடம் கொடுப்போம். அதில் ‘க’ வரும் இடத்திலெல்லாம் ஒரு கோடு கிழிக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் நின்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். எத்தனை ‘க’ அகப்பட்டது, எத்தனை தப்பிப்போனது என்று பார்த்தால் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் கவனம் எப்படி என்று தெரிந்துவிடும். காலையில் ஒரு தாள், பிற்பகலில் எழுத்துகள் வேறு மாதிரி கலைந்த இன்னொரு தாள். காலையில் பழகியதால் பிற்பகலில் நன்றாகச் செய்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. அதற்காகப் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் காலையில் முடிப்போம். இதிலெல்லாம் லெக்சரர் மிகக் கறார். மயிலாப்பூர்க்காரர், அப்பழுக்கில்லாத மனிதர். சாயங்காலம் பீச்சுக்குப் போனாலும் சோதனையைப் பற்றித்தான் பேசுவார் என்று அவர் வீட்டில் குறைப்பட்டுக்கொள்வார்களாம்.

முதலில் மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு பள்ளியில் செய்தோம். பத்து மணிக்கு மணி அடித்ததும் காலைத் தாள். மூன்று மணிக்குப் பிற்பகல் தாள். பையன்கள் குடுமியும் கிராப்பும் கலந்து வரிசையாக உட்கார்ந்து, வாட்ச் ‘டிக்’ என்றதும் தாளின் மேல் கவிழ்ந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது சீமைப் புத்தகத்தின் கோடு அப்படியே வந்திருந்தது. லெக்சரர் சுவரில் இருந்த என் படத்தின் மேல் புதுக்கோட்டைச் சிவப்பு மையில் வரைந்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போயின.

“பாத்தியா, லண்டன்ல வந்தது லஸ்லயும் வரது. மனுஷா மனசு எல்லா எடத்துலயும் ஒண்ணுதாம்ப்பா” என்றார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. காலைத் தாள்கள் பலவற்றில் ஓரத்தில் எண்ணெய்ப் பசையாகக் கட்டைவிரல் பதிந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, “நெய். கைய நன்னா அலம்பிண்டு வரச் சொல்லியிருக்கணும்” என்று அலுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். அதற்கு மேல் நாங்கள் இருவருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் கமிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிய பள்ளிகளின் நேரத்தைத் தீர்மானிக்கும் கமிட்டி ஒன்று இருந்தது. பள்ளியைக் காலை ஏழுக்குத் தொடங்கிப் பன்னிரண்டோடு முடித்துவிட்டால், அதே ஆசிரியரைப் பிற்பகலில் வேறிடத்துக்கு அனுப்பலாம் என்று அவர்களுக்கு ஒரு யோசனை. சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று லெக்சரரிடம் கேட்டிருந்தார்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்பது எங்கள் சுவரிலேயே இருந்தது. பிற்பகல் வீண், காலைதான் பொன் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. ஓரிடத்தில் வந்தது இன்னோரிடத்திலும் வந்தால்தான் எழுதுவேன் என்றார். மயிலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில், ஆனால் எல்லா வகையிலும் அதற்கு எதிராக, ஓரிடம் வேண்டும். கடற்கரைக் குப்பத்துப் பள்ளியை அவரே தேர்ந்தெடுத்தார். அங்கேயும் வந்துவிட்டால் அறிக்கையோடு, பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் போகும். அதில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் அச்சாகும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். நான் வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா ஜட்கா ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

குப்பத்துப் பள்ளி என்பது மணலில் நின்ற ஓலைக் கொட்டகை. ஒரே ஆசிரியை. சாந்தோம் பக்கத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், அவரும் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து படித்தவர். முப்பது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் என் கையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வலையை உதறுவதுபோல் உதறி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இத வச்சிதான் எங்க பள்ளிக்கூடத்த ஏழு மணிக்கு மாத்தப் போறாங்களா?”

இன்னும் தீர்மானமாகவில்லை, இந்தச் சோதனையைப் பொறுத்தது என்றேன்.

“ஏழு மணிக்கு இங்க எவன் வருவான் நைனா? கட்டுமரம் கரை ஏறுற நேரம் அது. பொட்டப்புள்ள ஆம்பளப்புள்ள எல்லாம் கரைல கீதுங்க. வலைலேர்ந்து மீன் எடுக்கணும், ஆத்தாக்காரி கூடையத் தூக்கிவுடணும், கைக்குழந்தையப் பாக்கணும். பத்து மணிக்கே பாதி மணலோடதான் வருதுங்க.”

பிள்ளைகள் வராவிட்டால் கமிட்டி கொஞ்ச காலம் பார்க்கும், பிறகு கதவைச் சாத்திவிடும். இதற்கு முன் வடக்கே இருந்த குப்பத்தில் அப்படித்தான் ஆயிற்றாம். அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது எங்கே என்று அவரே கேட்டு, அவரே கடலைக் காட்டினார். மத்தியானப் பள்ளி போனால் பள்ளியே போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“நீ எழுதறதுலதான் கீது. பாத்து எழுது” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் பார்த்து எழுதுவதற்கு ஒன்றுமில்லை, எண்ணிக்கை என்ன சொல்கிறதோ அதுதான் என்று ஏதோ சொன்னேன். புத்தகத்தில் படித்த வாக்கியம்தான். எண்ணிக்கை என்ன சொல்லப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு என்னைவிட ஸ்டாப்வாட்சின் மேல்தான் ஆசை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதுல இப்ப மணி இன்னா?” என்றாள்.

இதில் மணி தெரியாது என்றேன்.

“மணி தெரியாத கடியாரத்த எதுக்கு வச்சிக்கினு கீற?”

கொட்டகையே சிரித்தது. ஆசிரியை பிரம்பைத் தட்டினார். அந்தப் பிரம்பைச் செருகி வைக்கும் இடம் கூரை வாரை. காலை வேளையில் அது கீழேயே இருக்கும், மத்தியானத்தில்தான் மேலே போகும் என்பதைப் பிறகு கவனித்தேன். காலையில் இதுங்க சுத்த மக்கு, அடிச்சாத்தான் அசையும் என்று ஆசிரியை என்னிடம் குறைபோல் சொன்னார்.

காலைத் தாளை அவர்கள் செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேகமாகத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று வரி தாண்டியதும் பென்சில் மெதுவாகும். ஒரு பையன் நடுவில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியே பார்த்தான். கடலில் பாய் ஏதும் தெரிகிறதா என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். மத்தியானம் அதே பையன், வேர்த்து ஒழுக, கடைசி வரிவரை போய்விட்டு, இன்னொரு தாள் உண்டா என்று கேட்டான்.

அறைக்கு வந்து எண்ணினேன். கோடு தலைகீழாக நின்றது. காலையில் கீழே, பிற்பகலில் மேலே.

லெக்சரர் அதை வெகுநேரம் பார்த்தார். “நீ எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கே” என்றார், கோபமில்லாமல். காலைத் தாளையும் மத்தியானத் தாளையும் மாற்றி அடுக்கிவிட்டேனா, வாட்சை முன்னால் நிறுத்திவிட்டேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி செய்யலாம், இந்தத் தடவை நானே வருகிறேன் என்றார்.

வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தார். வாட்சை அவரே பிடித்தார். தாளை அவரே வாங்கினார். இரண்டு நாளும் கொட்டகையிலேயே இருந்தார். ஆசிரியை கொடுத்த மோரை மட்டும் தயங்கி, பிறகு குடித்தார். மயிலாப்பூரில் செய்தது போலவே ஓர் இம்மிகூட மாறாமல் செய்தோம். கோடு மறுபடியும் தலைகீழாகவே வந்தது.

தப்பு என்னுடையதல்ல என்று ஆனதில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அவர் அதற்கு வேறொரு முடிவு கண்டார். இந்தப் பிள்ளைகள் விதிவிலக்கு. உப்புக்காற்றோ, பரம்பரையோ, ஏதோ ஒன்று. அறிக்கையில் அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம் என்றார்.

அடிக்குறிப்பைக் கமிட்டி படிக்குமா என்று கேட்டேன்.

“படிக்க மாட்டா. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரந்தான் வைப்பா.”

அப்படியானால் விதிவிலக்கான பிள்ளைகளுக்கும் அதே விதிதானே என்று எனக்குத் தோன்றியது. இன்னும் ஒரு தடவை செய்து பார்க்க அனுமதி மட்டும் கேட்டேன். அறிக்கையை அனுப்ப இன்னும் அவகாசம் இருந்ததால் சரி என்றார்.

கல்லூரி நாள்காட்டியைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டேன். அந்த நாள்காட்டியில் அரசாங்க விடுமுறை எல்லாம் சிவப்பில் இருந்தது. ஆடி வெள்ளி இல்லை. எங்கள் ஆற்றங்கரையிலும் ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் தாளும் வாட்சுமாகக் கிளம்பும்போது அந்த அறிவெல்லாம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது போலிருக்கிறது. குப்பத்துக்குள் நுழையும்போதே வேப்பிலைத் தோரணம். அம்மன் கோயில் முன்னால் பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். பெண்கள் சொம்பும் பானையுமாக நின்றார்கள். ஆசிரியை என்னைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தார்.

“இன்னிக்கா வந்தே? ஒரு வார்த்த கேட்டுக்கினு வரக்கூடாதா? கூழ் குடிச்சிட்டுத்தான் வருங்க எல்லாம்.”

சொன்னபடி வந்தன. பொழுது விடிந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். தாடையில் கூழ் காய்ந்திருந்தது. சட்டையில்லாத வயிறுகள் தம்பட்டம்போல் இருந்தன. கடியாரத்துப் பெண் எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்து, கடித்துக்கொள்ளக் கருவாடு இருந்தது, தீர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். திருவிழா நாளில் சோதனை செய்யக்கூடாது என்பது எங்கள் விதிகளில் ஒன்று. வந்ததற்குச் செய்துவிட்டுப் போகலாம் என்று தாளைக் கொடுத்தேன்.

அன்று காலைத் தாளில் யாரும் வாசலைப் பார்க்கவில்லை. பென்சில்கள் கடைசிவரை ஓடின. எண்ணியபோது காலைக் கோடு மயிலாப்பூர்க் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிற்பகல் வழக்கம்போல.

இதை நான் என்ன செய்தேன் தெரியுமா? திருவிழா நாள், செல்லாது என்று ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் கட்டின்மேல் செருகித் தனியாக வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்றத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் கூட்டலுக்கு உட்கார்ந்தேன். அப்பா குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். குதிரை தின்ற பிறகு பூட்டிக்கொண்டு போவார். முதல் இரண்டு சவாரி முடிந்து அவர் திரும்பி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு. முந்தின நாள் சோறு மிச்சமிருந்தால் அது பழையதாகிக் காலைக்கு உதவும். அன்று மிச்சமில்லை. நான் கூட்டிய கூட்டல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை கொடுத்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி தப்பு. நம் மூளைதான் காலையில் இப்படியாயிற்றே என்று தாளை மூடிவைத்துவிட்டேன். மத்தியானம் அப்பா வந்து, சோறு பொங்கி, அம்மா கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டுத் தாளைத் திறந்தேன். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. சரிபார்க்க இரண்டாவது தடவையும் கூட்டினேன். அதுவும் அதே.

கையில் இன்னும் குழம்பு வாசனை இருந்தது. அந்த வாசனையில்தான் மயிலாப்பூர்த் தாள்களின் நெய் ஞாபகத்துக்கு வந்தது.

மயிலாப்பூர்ப் பையன்கள் பள்ளிக்கு வருமுன் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பலகாரம் அல்ல, முழுச் சாப்பாடு. சாதம், பருப்பு, நெய், குழம்பு, ரசம், மோர். ஆபீசுக்குப் போகும் அப்பாவோடு ஒன்பதரைக்கு ஒரே பந்தியில். மத்தியானத்தில் ஏதோ ஒரு தோசை, டப்பாவில் ஆறிப்போனது. குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒன்றுமில்லை. கட்டுமரம் வந்து, மீன் ஏலம் போய், அரிசி வாங்கி, உலை வைத்து, மத்தியான மணி அடிக்கும்போதுதான் முதல் கவளம். நாங்கள் அளந்தது காலையையும் பிற்பகலையும் அல்ல. ஆடி வெள்ளியன்று காலையில் கூழ் கிடைத்தது, காலைக் கோடு ஏறிற்று. செல்லாது என்று நான் ஒதுக்கி வைத்த கட்டில்தான் விஷயம் இருந்தது.

எனக்கு அப்போது தோன்றிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் காலையில் வாய் வராமல் நின்ற அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அவன் மூளையில் கோளாறு இருந்திருக்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை லெக்சரர் வந்து, போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுமுன்பே கேட்டேன்.

“சார், நீங்க காலேல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உதவியாளன் கேட்கும் கேள்வியா அது. “ஆத்துல ஒம்பதரைக்கு எல வெட்டிப் போட்டுடுவா. எதுக்குக் கேக்கறே?”

“காலேஜ் ஏழு மணிக்குன்னா, சார்?”

“ஏழு மணிக்குன்னா ஒரு வாய் காப்பியக் குடிச்சுட்டு ஓடிவரணும். வெறும் வயத்துல ரெண்டு க்ளாஸ் எடுத்துண்டு நின்னா எனக்கு...”

அங்கே நிறுத்தினார். கோட்டின் ஒரு கை மாட்டியபடியே இருந்தது. நான் ஆடி வெள்ளிக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். நெய்க்கறை படிந்த மயிலாப்பூர்த் தாள்களையும் வைத்தேன்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கூழ் ஊற்றுகிற நாளில் பிள்ளைகளுக்குக் குதூகலமும் உண்டு, வயிறு மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வாய் என்றார். ஒரு நாள் வந்ததை வைத்துப் பேசக்கூடாது என்றார். எல்லாம் நியாயம்தான். பிறகு, மயிலாப்பூரில் பத்து மணிக்குத்தானே பார்த்தோம், கமிட்டி கேட்பது ஏழு மணியை அல்லவா, ஏழு மணிக்கு அங்கே நாம் பார்க்கவே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. சீமைப் புத்தகத்துப் பிள்ளைகள் எழுந்ததும் ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டு வருகிறவர்கள். மயிலாப்பூர்ப் பையன்கள் நெய்ச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறவர்கள். கோடுகள் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்ததில் ஆச்சரியம் என்ன. ஏழு மணிக்கு வெறுங்காப்பியோடு வருகிற பையனைப் பற்றி இரண்டு கோட்டுக்கும் ஒன்றும் தெரியாது.

தலைமையாசிரியரைக் கெஞ்சி, குளத்தருகே இருந்த அதே பள்ளியில் ஏழு மணிக்கு ஒரு வகுப்பை வரவழைத்தோம். தூக்கமும் திருநீறுமாக வந்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொருவனையும் கேட்டோம். காப்பி, காப்பி, ஒருவனுக்கு மட்டும் மிச்சமிருந்த அடை. சோம்பல் முறிந்து முதல் பாடம் முடியட்டும் என்று விட்டு, எட்டரை மணிவாக்கில் தாளைக் கொடுத்தோம். அடை தின்றவனைத் தவிர மற்றவர்களின் பென்சில்கள் குப்பத்தில் நான் பார்த்த மாதிரியே நடுவில் மெதுவாயின. ஒருவன் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தான். அங்கே கடல் இல்லை. எதிர்வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

தாள்களில் எங்கும் நெய்க்கறை இல்லை. எண்ணியபோது ஏழு மணிப் பள்ளியின் காலை, அவர்களுடைய வழக்கமான பிற்பகலைவிடவும் கீழே இருந்தது. லெக்சரர் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார்.

“வயத்த அளந்துட்டு மனசுன்னு எழுத இருந்தேன்” என்றார்.

கமிட்டிக்கு அவர் எழுதியது சின்னக் கடிதம். நான்தான் தட்டச்சு செய்தேன். பிள்ளைகள் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பது தெரியாமல் எந்தப் பள்ளியின் நேரத்தையும் தம்மால் சிபாரிசு செய்ய இயலாது, கையிலுள்ள முடிவு ஒரு தெருப் பிள்ளைகளுக்கு, அதுவும் ஒரு வேளைக்கு மட்டுமே பொருந்தும், கடற்கரைப் பள்ளிகளின் பிற்பகலை எடுத்துவிடக் கூடாது, இவ்வளவுதான். கமிட்டியில் சிலருக்கு எரிச்சல். சாஸ்திரத்தைக் கேட்டால் சமையலைச் சொல்கிறாரே என்று ஒருவர் கேலி பேசினாராம். இருந்தாலும் சாஸ்திரத்தின் கையெழுத்து இல்லாமல் மாற்றுவதற்குத் துணிவில்லை. நேரம் பழையபடியே இருந்தது. பத்திரிகைக்குக் கட்டுரை போகவில்லை. ஊரெல்லாம் சுற்றிச் செய்து பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று லெக்சரர் சொல்லிவிட்டார். அதற்கு ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. என் பெயர் வந்துவிட்டதா என்று அப்பா சில நாள் கேட்டார். ஸ்டாண்டில் கேட்கிறார்கள் என்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

குப்பத்துக்குச் சேதி சொல்ல நானே போனேன். மத்தியான வகுப்புக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆசிரியை கொட்டகையில் தனியாக இருந்தார். நேரம் மாறவில்லை என்றதும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஏன் மாறவில்லை என்பதையும் கேட்டார். தாள்களில் கண்டதைச் சொன்னேன். கூழ் ஊற்றிய நாளைச் சொன்னேன். மயிலாப்பூர்ப் பையன்களும் காப்பியோடு வந்தால் இதே கதிதான் என்று சொன்னபோது அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப காலைல இதுங்க மக்கு இல்ல” என்றார்.

இல்லை என்றேன்.

“மேரி மாதாவே, எத்தினி அடி அடிச்சிக்கீறேன்.”

பிரம்பு மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்துக் கூரை வாரையில் செருகப்போனவர், செருகாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். காலையில் என்ன பாடம், மத்தியானத்தில் என்ன என்று அவராகவே விரல்விட்டுப் பார்த்தார். கணக்கை மத்தியானத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், காலையில் பாட்டும் கதையும் போதும் என்றார். கதைக்குக்கூட வயிறு வேண்டுமே என்றும் சொன்னார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள். மீன்குழம்பு வாசனையோடு ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடியாரத்துப் பெண் என் கையைப் பார்த்தாள். வாட்ச் இல்லை.

“எங்க சார் அது? மணி தெரிஞ்சிதா அதுக்கு?”

கல்லூரியில் இருக்கிறது என்றேன். ஆசிரியை பிரம்பை ஜன்னல் வழியாக வெளியே மணலில் போட்டுவிட்டு, கரும்பலகையில் இருந்த பாட்டை அழித்து, ஒரு வகுத்தல் கணக்கு எழுதினார். எழுதி முடிக்குமுன்பே பின்வரிசையிலிருந்து விடை வந்தது.